தையல் மெஷினுக்குக் கீழே ஒரு மறைஞானம்

நான் என்ன படிக்கிறேன் என்பதை மதுரையில் என் வீட்டாருக்கு இதுவரை விளக்க முடிந்ததில்லை. "மேலை மறைஞான மரபுகள்" என்று சொன்னால் அப்பா, "அதாவது வேலை கிடைக்காது" என்று மொழிபெயர்த்துக்கொள்வார். ஐரோப்பாவில் எப்போதும் மழை தூறும் ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில், இரும்பைப் பொன்னாக்கப் பார்த்தவர்கள், தேவதைகளோடு பேச்சுவார்த்தை நடத்தியவர்கள், ரகசியச் சங்கம் வைத்துக் கறுப்பு அங்கியில் உலவியவர்கள் ஆகியோரைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே யாரும் மந்திரம் போடுவதில்லை. மந்திரம் போட்டவர்களைப் பற்றி அடிக்குறிப்பு போடுவோம். "அது பலித்ததா?" என்று மட்டும் கேட்கக்கூடாது. எங்கள் துறையின் முதல் விதி அது. கேட்டால் பக்கத்து அறை தத்துவத் துறைக்காரர்கள் சிரிப்பார்கள்.

என் பேராசிரியைக்கு ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கிழக்கு இலங்கையின் அம்பாறைப் பக்கம் நீர்ப்பாசன வேலை பார்த்த ஓர் ஆங்கிலேய அதிகாரி, அந்த வெயிலில் தரையைத் தொடும் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, வட்டங்களும் குறிகளும் செதுக்கிய ஒரு மரப்பலகைக்குப் பின்னால் நிற்கிறார். பக்கத்தில் ஒரு நாய். லண்டனில் இருந்த ஒரு ரகசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை அது என்பது பேராசிரியையின் முடிவு. கிளையில் யார் யார் உறுப்பினர் என்று கேட்டேன். அதிகாரியும் நாயும் இருந்தது உறுதி, மற்றதை ஆராய வேண்டும் என்றார்.

"அந்தப் பலகையைக் கண்டுபிடி. அதுதான் உன் கடைசி அத்தியாயம்."

கிடைக்காவிட்டால் அத்தியாயம் இல்லை, அத்தியாயம் இல்லாவிட்டால் உதவித்தொகை நீளாது, உதவித்தொகை நீளாவிட்டால் அப்பாவின் மொழிபெயர்ப்பு சரியாகிவிடும். இந்த உயர்ந்த அறிவுத் தாகத்தோடுதான் நான் அந்தப் பகுதியின் கடற்கரை ஊரான கல்முனையில் போய் இறங்கினேன்.

கல்முனையின் பிரதான வீதியில் இருபுறமும் கடைகள். துணிக்கடை, நகைக்கடை, மறுபடி துணிக்கடை. கடல் எந்தப் பக்கம் என்று காற்று சொல்லிவிடும். மதுரைக்காரிக்கு வெயில் புதிதல்ல என்ற திமிரோடு இறங்கினேன். மதுரை வெயில் காயவைக்கும். இந்த வெயில் அவிக்கும். அங்கியின் நினைவு வந்து அந்த அதிகாரியின் மேல் முதல்முறையாக மரியாதை ஏற்பட்டது.

தங்கிய விடுதியில் காலைக்குப் பிட்டு. எங்கள் ஊர்ப் புட்டைப்போல் சர்க்கரையும் வாழைப்பழமுமாக வரும் என்று உட்கார்ந்தேன். மீன் ஆணம் வந்தது. எருமைத் தயிரும் வந்தது. ஆணம் என்றால் குழம்பு. மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது, பரிமாறியவர் "இந்தியாவுல பஞ்சமா மிஸ்?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

எனக்கு வாய்த்த ஆட்டோக்காரர் பெயர் ரசீக். நாற்பது வயதிருக்கும். ஆட்டோவை ஓட்டுவது அவருக்கு உபதொழில். முதல் தொழில் கேள்வி கேட்பது.

"மிஸ் என்ன படிக்கிற?"

மறைஞானம் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ரகசிய அறிவு, கிரகங்கள், தேவதைகள், மந்திரக் குறிகள், ஐரோப்பாவில் இவற்றை நம்பியவர்களின் வரலாறு என்று விரித்தேன்.

"சூனியம்."

"சூனியம் இல்ல அண்ணே. சூனியத்தைப் பத்தின படிப்பு."

"ஓம் மிஸ், வெளங்கிட்டு. வேல செய்யுமா?"

அதை நாங்கள் கேட்பதில்லை என்றேன். வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாமல் ஒருத்தி இத்தனை வருஷம் படிக்கிறாள் என்பதை அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தைச் சொல்ல மறுக்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டார். அப்படி முடிவு கட்டியதை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதிகாரியின் பங்களா சவளக்கடைப் பக்கம் இருந்ததாகத் தகவல். சொறிக்கல்முனையைத் தாண்டியதும் தார் ரோட்டின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே ஒரு அறுவடை மெஷின் வந்தது. ரசீக், மெஷினுக்கு வழிவிட, முன்சக்கரத்தை நெல்லில் ஏற்றினார். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா கையில் நெல் துழாவும் கட்டையோடு எழுந்து வந்தார். அடுத்து அவர் சொன்னவற்றின் மொழிபெயர்ப்பை இங்கே தருவது பத்திரிகைக்கு அழகல்ல. மீதித் தூரத்தை நான் நடந்தேன். ரசீக் அபராதமாக நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

பங்களா இருந்த இடத்தில் வயல் இருந்தது. நல்ல வயல். வரம்பில் நின்ற பெரியவர் ஒருவர், பங்களாவைத் தன் சின்ன வயதிலேயே உடைத்துவிட்டார்கள் என்றார்.

"கதவு, யன்னல், பலக எல்லாத்தையும் கல்முனை மரக்கட உதுமாலெவ்வை அள்ளிக்கொண்டு போனாரு. நல்ல மரம் பிள்ள. வெள்ளக்காரன் மரத்துல பிழ விடமாட்டான்."

நாயைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உதுமாலெவ்வை காலமாகி வெகு காலம். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று ரசீக் சொன்னார். எங்கள் துறையில் ரகசியப் பொருள்கள் குருவிடமிருந்து சீடனுக்கும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் போகும். ஆகவே மகன்களைத் தேடினேன். மூத்தவர் வீட்டில் மனைவி வந்தார். இது அவருடைய உம்மா, அதாவது அம்மா, தந்த வீடு, இதிலுள்ள கரண்டிகூட அவருடையது, கணவர் கலியாணத்தன்று ஒரு சூட்கேஸோடு வந்தார் என்றார். இளையவர் வீட்டிலும் அதே கதை. சூட்கேஸின் நிறம்தான் வேறு. இதற்கே பொழுது போய்விட்டது.

"எங்கட பக்கம் ஆம்புளைட வீடு எண்டு ஒண்டு இல்ல மிஸ்," என்றார் ரசீக். "வீடு பொம்புளப் புள்ளைக்கித்தான். மாப்பிள்ள வந்து இரிக்கிற. சாமானும் வீட்டோடதான்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மகன்மாரத்தானே கேட்டீங்க."

மதுரையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வாசலில் நின்று அழுவோம். இங்கே பெண் வாசலிலேயே நிற்கிறாள். அழுவதானால் மாப்பிள்ளை அழலாம்.

மறுநாள் காலை விடுதி வரவேற்பறையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்காகத்தான். ஒரு அம்மாவுக்குக் கறவை மாடு காணாமல் போயிருந்தது. ஒருவருக்குக் கடையில் வியாபாரம் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. யாரோ இசும், அதாவது மந்திரத் தகடு, எழுதிப் புதைத்திருக்கிறார்களாம். மூன்றாமவர் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். தொடர்ந்து தோற்கிறார்களாம், கோல் கம்பத்தடியில் ஏதும் இருக்குமா என்று வந்து பார்க்க வேண்டும். நான் ஆராய்ச்சி மாணவி மட்டுமே, எதையும் எடுக்கவோ வைக்கவோ தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் மரியாதையாக எழுந்து போனார்கள். போகும்போது செயலாளர், "பெரிய ஆக்கள் இப்பிடித்தான் லேசுல ஒத்துக்கமாட்டாங்க" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். ஐரோப்பாவில் எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு இத்தனை பேர் வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அன்று மத்தியானம் உதுமாலெவ்வையின் மகள் றஹீமாவின் வீட்டுக்குப் போனேன். கணவருக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் றஹீமாவும் மகள் சஹ்லாவும். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சஹ்லாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வீடு மகளுக்கு, றஹீமாவும் கணவரும் பின்னால் கட்டிய சின்ன அறைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறப் போவது இந்த முன்வீட்டில்.

தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வந்தன. வட்டிலப்பம் என்பது முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவித்த ஒரு பலகாரம். அதைச் சாப்பிடும்போது ஆராய்ச்சி செய்ய முடியாது. முடித்துவிட்டுப் பழைய பலகை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எண்ட வாப்பா கொணந்த பலகையா? சஹ்லாட மெஷினுக்குக் கீழ கிடக்கி."

உள் அறையில் தையல் மெஷினின் மேசையே அந்தப் பலகைதான். சஹ்லா மெஷினைத் தூக்கி வைத்து, பூப்போட்ட மேசை விரிப்பை உருவினாள்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வட்டத்துக்குள் வட்டமாக ஏழு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிரகத்தின் குறி, விளிம்பெங்கும் தேவதைகளின் பெயர்கள் பழைய எழுத்தில். அந்தச் சங்கத்தின் கையேட்டில் சொன்னபடி, ஒரு கோடு பிசகவில்லை. பேராசிரியை சொன்னது அத்தனையும் உண்மை. அந்த மனிதர் நாயை வைத்துக்கொண்டு சவளக்கடையில் சனியைக் கூப்பிட்டிருக்கிறார். படம் எடுத்துத் தள்ளினேன்.

"இது எதுக்குன்னு தெரியுமா?" என்று சஹ்லாவிடம் கேட்டேன்.

"ஓம் மிஸ். கழுத்துக்கு."

ஆகப் பெரிய வட்டத்தின் மேல் துணியை விரித்து, சோக்கால் கோடு இழுத்துக் காட்டினாள். பள்ளத்தில் சோக்கு தானாக ஓடியது. அந்தத் தெருவின் சல்வார், சட்டை எல்லாவற்றுக்கும் கழுத்து அந்த வட்டத்தில் வெட்டியதுதானாம். அதைவிடச் சரியான வட்டம் வேறெங்கும் இல்லையாம். அது சனியின் வட்டம். கல்முனையில் பாதிப் பெண்கள் சனியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். என் அத்தியாயத்தின் தலைப்பு அந்த நிமிஷமே தயாராகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு பெரிய பிளேட் கொத்து ரொட்டி வாங்கி எனக்கு நானே விருந்து வைத்துக்கொண்டேன்.

காலையில் ரசீக் வந்து நின்ற நிலையே சரியில்லை.

"மிஸ், வேல கெட்டுப் பெய்த்து."

நடந்தது இதுதான். ஊருக்கு நான் சூனியம் எடுக்க வந்தவள். அப்படிப்பட்டவள் றஹீமா வீட்டுக்குள் போய், உள் அறையில் வெகு நேரம் இருந்து, வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தாள். அப்படியானால் அந்த வீட்டில் சிஹ்ர், அதாவது சூனியம், இருக்கிறது. எடுப்பதற்கு வெளிநாட்டிலிருந்தே ஆள் பிடித்திருக்கிறார்கள். செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்துப் பாலமுனைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரைப்போல் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதென்றால் பரவாயில்லை, அந்த வீட்டை விட்டு வந்துவிடுவாள். ஆனால் இங்கே மாப்பிள்ளை அல்லவா அந்த வீட்டில் போய்ப் படுக்க வேண்டும்? மாப்பிள்ளையின் உம்மா மகனை அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லியாயிற்று. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் மாமா, ஜுனைதீன் ஹாஜியார், பேச்சை முறிக்க வருகிறார்.

றஹீமாவின் வீட்டுக்கு ஓடினேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க வந்தீங்க, சாப்பிட்டீங்க, படம் புடிச்சீங்க, பெய்த்தீங்க. எண்ட புள்ளட கலியாணம் நிக்கிது மிஸ். இனி இந்த வீட்டுக்கு ஆரு வருவா? வீட்ட இடிக்கிறதா, புள்ளய இடிக்கிறதா?"

சஹ்லா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை, காலால் மிதியை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மந்திரத்தைப் பற்றிப் படிப்பவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை என்று எங்கள் துறையின் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

"நான் சொல்றேன்," என்றேன். "அவர்கிட்ட நான் சொல்றேன்."

ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். வாய்தா கேட்பவர்களை நிறையப் பார்த்த முகம். கூடவே மாப்பிள்ளையின் உம்மா, வாசற்படியைத் தாண்டாமல் வெளியே நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். பலகையைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். ஹாஜியார் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"புள்ள, நீங்க படிச்ச ஆள். செல்லுங்க. இதுல என்ன எழுதிரிக்கி?"

என்ன எழுதியிருக்கிறது என்று உலகத்திலேயே சொல்லக்கூடியவர்கள் ஒரு அறையில் அடங்கிவிடுவார்கள். அதில் நானும் ஒருத்தி. என் இளமையில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் செலவழித்திருக்கிறேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

"ஒன்னும் எழுதலை," என்றேன்.

"இந்த வட்டம்?"

"வாய்க்கால் வெட்டுற அதிகாரியோட பலகை. காம்பஸ் வச்சுப் பழகியிருக்கார்."

"இந்தக் கிறுக்கு?"

"கிறுக்குத்தான்."

"வேல செய்யுமா?"

எங்கள் துறையில் யாரும் இதுவரை வாய்திறந்து பதில் சொல்லாத கேள்வி. "செய்யாது," என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று பட்டது. யாரும் தொடாமல், யாரும் ஓதாமல், சும்மா கிடந்தபடியே அந்தப் பலகை ஒரு கலியாணத்தை நிறுத்திவிட்டிருந்தது. சவளக்கடை அதிகாரி ஆயுள் முழுக்க அங்கியில் அவிந்தும் இவ்வளவு சாதித்திருக்க மாட்டார்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டுமில்லாத பலகையப் பாக்க எதுக்குப் புள்ள இவ்வளவு தூரம் வந்தீங்க?"

முற்றமே என்னைப் பார்த்தது. எனக்கு நல்ல பொய் எதுவும் வரவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"எங்க யுனிவர்சிட்டியில இதுக்குக் காசு குடுத்து அனுப்புறாங்க."

"ப்ரொஜெக்டா?"

"ஆமா. ப்ரொஜெக்ட்."

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. வாசலுக்கு வெளியே மாப்பிள்ளையின் உம்மா பக்கம் திரும்பி, "ஹாஜரா, ப்ரொஜெக்டாம்!" என்றார். அங்கிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது.

"அத மொதல்ல செல்றல்லயா? சுனாமிக்குப் பொறகு இப்பிடி எத்தின பேர் வந்த. கிணத்தப் படம் புடிச்சாங்க, கக்கூசப் படம் புடிச்சாங்க, எங்கட வலையப் படம் புடிச்சாங்க. மறுகா ஒருத்தரையும் காணல்ல. அப்ப சரி."

என் முனைவர் பட்டத்தை இத்தனை சுருக்கமாக, இத்தனை சரியாக யாரும் மதிப்பிட்டதில்லை.

மாப்பிள்ளையின் உம்மா இப்போது படியேறி உள்ளே வந்தார். தேத்தண்ணியை வாங்கினார். அது பெரிய விஷயம் என்று றஹீமாவின் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிறகு அவர் என் கைப்பேசியைக் காட்டி, "ஒண்டுமில்லாட்டி படம் எதுக்கு?" என்றார். நியாயம்தான். எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிப் படத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. சஹ்லா பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அழித்தேன்.

"ஒண்டுமில்லாட்டி சீவினாலும் ஒண்டுமில்லத்தானே?" என்றார் ஹாஜியார். எங்கள் கருத்தரங்குகளில் இப்படி வாதாடத் தெரிந்தவர்கள் குறைவு.

மறுநாள், எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைத்த ஒரு தச்சர் இழைப்புளியோடு வந்தார். உரமான முதிரைமரம், இழைப்புளி முனகியது. தேவதைகளின் பெயர்கள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. செவ்வாய் போனது, வெள்ளி போனது. ஒரு நிபுணரின் கருத்தை ஏற்று உடனே செயலில் இறங்கும் மக்களை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுகை வரும்போல் இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். தச்சர் சனியின் வட்டத்தை நெருங்கியபோது சஹ்லா கையை நீட்டினாள்.

"அந்தப் பெரிய வட்டத்த விடுங்க காக்கா. அது எண்ட கழுத்து அளவு."

தச்சர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பக்கத்திலிருந்த குறியை மட்டும் சீவிவிட்டு, வட்டத்தை விட்டுவைத்தார்கள்.

கலியாணம்வரை நிற்கச் சொன்னார்கள். விமானம் நிற்காது. புறப்படும் அன்று சஹ்லா ஒரு பொட்டலம் தந்தாள். சாம்பல் பச்சையில் ஒரு சல்வார். அளவு எப்போது எடுத்தாய் என்றேன். நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்றாள். றஹீமா வழிக்கென்று வட்டிலப்பம் கட்டித் தந்தார். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை, ஆனால் அளவில் குறை வைக்கவில்லை. உதைபந்தாட்டச் செயலாளர் பஸ் நிலையத்துக்கே வந்து, போகும் வழியில் மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டாவது போகும்படி கேட்டுக்கொண்டார். பார்த்தேன். அந்த வாரம் ஜெயித்துவிட்டார்கள் என்று ரசீக் செய்தி அனுப்பினார்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் பேராசிரியை அறைக்கு அழைத்தார். வெளியே மழை. சுவரில் அந்தப் புகைப்படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. அதிகாரி, நாய், பலகை, ஏழு வட்டங்கள்.

"பலகை?"

"இல்லை," என்றேன். "பங்களாவே இப்போது வயல். அங்கே எதுவும் மிஞ்சவில்லை."

சுவரிலிருந்த புகைப்படத்தின் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்கத் தேடியவர். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. உதவித்தொகை பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்றார். அந்த அடுத்த வாரத்தின் பொருள் எனக்கும் தெரியும், மதுரையில் அப்பாவுக்கும் தெரியும்.

எழுந்து கதவருகே வந்தபோது கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான் அணிந்திருந்த சாம்பல் பச்சைச் சல்வாரை உற்றுப் பார்த்தார்.

"கழுத்து எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள்! எங்கே தைத்தாய்?"